உழைக்கும் பெண்ணுக்கு வழி அமைத்த டாக்டர் சௌந்திரம் அம்மையார்

நிலக்கோட்டைப் பூச்சந்தையை விடியற்காலையில் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஈரம் காயாத அந்த மொட்டுகளை, இருட்டோடு எழுந்து, பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவே குனிந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சந்தையில் எடை போட்டு, விலை பேசி, பணத்தை எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சின்னாளபட்டி நெசவாளர் வீடுகளிலும் இதே கதைதான். தறியில் உட்காருபவர் நெசவாளி எனப்படுவார். அவருக்கு நூல் பிரித்து, தார் சுற்றி, பாவுக்குத் துணை நிற்கும் மனைவிக்கும் மகளுக்கும் அந்தப் பெயர் கிடையாது. கூலி சேலைக் கணக்கில் வரும். வீட்டுத் தலைவர் கையில் சேரும். பெண்ணின் உழைப்பு அதற்குள்ளேயே கரைந்து போகும்.

பெண்ணின் உழைப்புக்குக் கணக்கும் கூலியும் மதிப்பும் வேண்டும் என்று மேடையில் பேசியவர்கள் நம் நாட்டில் எத்தனையோ பேர். பேச்சோடு நிற்காமல் அதற்கென்று ஓர் ஊரையே அமைத்துக் காட்டியவர் நம் பக்கத்திலேயே வாழ்ந்தார். கொடைரோடு நிலையத்தில் திண்டுக்கல் செல்லும் பாசஞ்சர் வண்டியில் ஏறினால் அடுத்த நிறுத்தம் அம்பாத்துரை. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், சிறுமலையின் நிழலில் இருக்கிறது காந்திகிராமம். அதை நிறுவிய டாக்டர் டி. எஸ். சௌந்திரம் அம்மையாரின் வரலாற்றை நம் மாணவியர் அறிந்திருக்க வேண்டும்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் பிறந்தார். தந்தை டி. வி. சுந்தரம் அய்யங்கார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பஸ் போக்குவரத்து நடத்தி, டி. வி. எஸ். என்ற மூன்று எழுத்துகளைத் தென்னாடு முழுவதும் அறியச் செய்தவர் அவரே. செல்வத்துக்குக் குறைவில்லாத வீடு. ஆயினும் அந்தக் காலத்து வழக்கத்தைச் செல்வம் மாற்றிவிடவில்லை. 14 வயதில் சௌந்திரத்துக்குத் திருமணம் நடந்தது. இன்று 9-ஆம் வகுப்பில் உட்கார்ந்து இந்த மலரைப் புரட்டிக் கொண்டிருக்கும் பிள்ளையின் வயது அது.

கணவர் சௌந்தரராஜன் ஒரு மருத்துவர். பிளேக் நோய் கொள்ளை கொள்ளையாக மக்களை வாரிக் கொண்டு போன நாட்கள் அவை. நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யச் சென்றவரை அந்த நோயே பற்றிக் கொண்டது. அவர் இறந்தபோது சௌந்திரம் இளம்பெண். அக்காலத்தில் அவர் பிறந்த சமூகத்தில் கைம்பெண்ணின் நிலை எத்தகையது என்பதைப் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். பூ இல்லை, பொட்டு இல்லை, சுபகாரியங்களில் இடமில்லை. மிச்ச ஆயுள் முழுவதும் வீட்டின் பின்கட்டுதான்.

இறக்கும் முன்பே கணவர், தமக்குப் பின் அவள் முடங்கிவிடக் கூடாது, படிக்க வேண்டும், மறுமணமும் செய்து கொள்ள வேண்டும் என்று விரும்பியதாகச் சொல்லப்படுகிறது. அம்மையார் மீண்டும் பாடப் புத்தகத்தை எடுத்தார். விட்ட இடத்திலிருந்து பள்ளிப் படிப்பு, அதன்பின் கல்லூரி, அதன்பின் மருத்துவம் என்று படிப்படியாக ஏறினார். மருத்துவம் கற்க அவர் சென்ற இடம் டில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி. பெண்களுக்கென்றே 1916-ல் திறக்கப்பட்ட கல்லூரி அது. ஆண் மருத்துவரிடம் காட்டிக் கொள்ள வெட்கப்பட்டு, வெளியே சொல்ல அஞ்சி, நோயோடு மடிந்த பெண்கள் அன்று ஏராளம். பெண் மருத்துவர் வேண்டுமானால் முதலில் பெண்கள் தயங்காமல் வந்து தங்கிப் படிக்க ஓர் இடம் வேண்டும். பிற்காலத்தில் அம்மையார் செய்த காரியங்கள் எல்லாவற்றிலும் இந்தப் பாடத்தின் சாயல் தெரியும்.

1936-ல் அவர் மருத்துவரானார். அப்போது வயது 32.

அந்த ஆண்டைப் பற்றி நம் போன்ற கத்தோலிக்கப் பள்ளிகளில் படிப்பவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சற்றே விலகிச் சென்றாலும் சொல்லி விடுகிறேன். இன்று வெள்ளுடையில் மருத்துவமனைகளில் பணியாற்றும் கன்னியரைப் பார்க்கும்போது, இது என்றென்றும் இருந்து வந்த வழக்கம் என்றே நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. துறவற வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் மருத்துவராகவோ பிரசவம் பார்ப்பவராகவோ பணியாற்றுவதற்குத் திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் இடம் தரவில்லை. ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், இந்தியப் பெண்களின் துன்பத்தை எடுத்துக் காட்டி உரோமையிடம் விண்ணப்பித்துக் கொண்டே இருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-ல் குண்டூருக்கு வந்த மருத்துவர் மேரி குளோரி, கன்னியரான பின்பும் மருத்துவத் தொழிலை நடத்துவதற்குத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பரின் தனி அனுமதி தேவைப்பட்டது. ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் அன்னா டெங்கல் 1925-ல் மருத்துவப் பணிக்கென்றே ஒரு சபையைத் தொடங்கினார். கடைசியில் 1936-ஆம் ஆண்டு பிப்ரவரியில், திருத்தந்தை பதினோராம் பத்திநாதரின் காலத்தில், உரோமை மறைபரப்புப் பேராயம் அந்தக் கதவைத் திறந்து விட்டது. கைம்பெண்ணாக இருந்து மருத்துவரான சௌந்திரமும், மடத்துக்குள் இருந்து மருத்துவம் செய்ய உரிமை பெற்ற கன்னியரும் ஒரே ஆண்டில் வாசலைக் கடந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாமலே!

டில்லியில் அவருக்குக் கிடைத்த தோழி சுசீலா நய்யார். அவர் மூலமாகக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. அரிஜன சேவையில் ஈடுபட்டிருந்த ஜி. இராமச்சந்திரன் என்ற இளைஞரையும் அங்கே சந்தித்தார். இவர் நெய்யாற்றின்கரைப் பக்கத்தைச் சேர்ந்தவர், சாந்திநிகேதனில் கற்றவர். இருவரும் திருமணம் செய்து கொள்ள விரும்பினர். மொழி வேறு, சாதி வேறு; பெண்ணோ கைம்பெண். பெற்றோர் உடன்படவில்லை. காந்தியடிகள் அவசரப்படவில்லை. ஓராண்டுக் காலம் பிரிந்திருங்கள், அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் பார்க்கலாம் என்ற முறையில் அவர்களைச் சோதித்தார். மனம் மாறவில்லை. 1940-ஆம் ஆண்டு நவம்பரில் சேவாகிராமத்தில் அவரே முன்னின்று மணம் முடித்து வைத்தார். தாம் நூற்ற நூலில் நெய்த வேட்டியை மணமகனுக்கும், கஸ்தூரிபா நூற்ற நூலில் நெய்த சேலையை மணமகளுக்கும் அளித்தார். டி. வி. எஸ். குடும்பத்துப் பெண்ணின் கலியாணப் பட்டு அதுதான்.

1944 பிப்ரவரி 22-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா அம்மையார் காலமானார். அவர் நினைவாக நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது. இலக்கு 75 இலட்சம் ரூபாய். சேர்ந்ததோ ஒரு கோடிக்கும் மேல். கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே அந்தப் பணம் செலவாக வேண்டும் என்று காந்தியடிகள் வரையறுத்தார். அதோடு விடவில்லை. பெண்களுக்கான பணியை ஆண்கள் கூடி நிர்வகிப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. மாகாணந்தோறும் பொறுப்பைப் பெண்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கணக்கு எழுதுவது, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, இடம் பார்ப்பது, பணம் கொடுப்பது அனைத்தும் பெண் கையில்! அனுபவமில்லாதவர்களிடம் இவ்வளவு பணத்தைக் கொடுக்கலாமா என்று தயங்கியவர்கள் இருந்திருப்பார்கள். செய்யாமல் அனுபவம் எப்படி வரும்? தமிழ்நாட்டுக்கு அவ்வாறு பொறுப்பேற்றவர் சௌந்திரம் அம்மையார்.

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் காந்திகிராமம் தொடங்கிற்று. சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளோடு ஒரு சிறிய மருத்துவ விடுதி ஆரம்பமாயிற்று. இன்று கஸ்தூரிபா மருத்துவமனை என்று பெயர் பெற்று விளங்குவது அந்த இரண்டு படுக்கைகளின் வளர்ச்சியே.

இனி, அம்மையாரின் வேலை முறையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒரு கிராமத்துப் பெண் சம்பளம் பெறும் வேலைக்குப் போக முடியாததற்குக் காரணம் என்ன? அறிவுக் குறைவா? மனமில்லையா? காரணங்கள் மிகச் சாதாரணமானவை. எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்தாலும் சான்றிதழ் இல்லை. பயிற்சிக்குப் போனால் இரவு எங்கே தங்குவது? கைக்குழந்தையை யாரிடம் விடுவது? தனியே பஸ் ஏறிப் போகிறவளை ஊர் என்ன சொல்லும்? சொற்பொழிவு எதுவும் இந்தக் கேள்விகளுக்கு விடையாகாது. தங்க ஒரு கூரையும், குழந்தைக்கு ஓர் இடமும், கையில் ஒரு தொழிலும், மாத முடிவில் ஒரு சம்பளமும் இருந்தால் கேள்விகளில் பாதி தாமாகவே அடங்கிவிடும்.

கஸ்தூரிபா நிதியின் கிராம சேவிகைப் பயிற்சி இந்த வழியிலேயே அமைந்தது. வந்தவர்களில் கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் இருந்தனர். படிப்பைப் பாதியில் விட்டவர்களும் இருந்தனர். அவர்கள் ஓரிடத்தில் தங்கி எழுத்தும் கணக்கும் கற்றனர். நோயாளியைப் பேணுதல், பிரசவத்துக்கு உதவுதல், குழந்தை வளர்ப்பு, நூற்பு, சுகாதாரம் ஆகியவற்றில் பழகினர். பின்னர் கிராமங்களுக்குச் சென்று பணியாற்றினர். நேற்று வரை பின்கட்டில் இருந்தவள், இன்று ஊர் நடுவே பாலவாடி நடத்துகிறாள். நள்ளிரவில் பிரசவ வலி என்று கதவைத் தட்டினால் பையை எடுத்துக் கொண்டு புறப்படுகிறாள். ஊரார் அவளை அக்கா என்றும் டீச்சரம்மா என்றும் அழைக்கத் தொடங்கியபோது, அவள் பூ வைத்திருக்கிறாளா இல்லையா என்பது பெரிய விஷயமாக இருந்திருக்காது.

பாலவாடியைப் பற்றி ஒரு சொல். குழந்தைகள் பாட்டுப் பாடி விளையாடும் இடம் என்றே பலர் அதை எண்ணுகிறார்கள். களையெடுக்கப் போகும் தாய்க்கு அது அதைவிடப் பெரியது. குழந்தையை மரத்தடித் தூளியில் விட்டுவிட்டு நொடிக்கொரு முறை திரும்பிப் பார்க்கும் பெண், மற்றவருக்குச் சமமாக எப்படி வேலை செய்வாள்? அவளை விடப் பெரிய மகளைக் குழந்தைக்குக் காவலாக நிறுத்தினால் அந்த மகளின் பள்ளிப் படிப்பு போயிற்று. ஒரு பாலவாடி திறந்தால் தாயின் கூலியும் மூத்த மகளின் படிப்பும் சேர்ந்தே காப்பாற்றப்படுகின்றன. பெண்கள் வேலை செய்யும் பெரிய தொழிற்சாலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. வயல் வரப்புக்கு அந்தச் சட்டம் வரவில்லை. அங்கே சென்றது பாலவாடிதான்.

செவிலியர் பயிற்சியிலும் இப்படித்தான். ஊர் மருத்துவச்சியின் அனுபவத்தை யாரும் இகழ வேண்டியதில்லை. ஆனால் துருப்பிடித்த கத்தியும் கழுவாத கையும் எத்தனையோ தாய்மாரைப் பலி வாங்கின. பயிற்சி பெற்ற பெண் கொதிக்க வைத்த கருவிகளோடு வந்தாள். எத்தனை பிரசவம், எத்தனை பிள்ளை, எத்தனை மரணம் என்று பதிவேட்டில் எழுதினாள். 1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய சுகாதாரத் திட்டமும், 1964-ல் உருவான கிராம சுகாதார நிறுவனமும் இத்தகைய பெண் பணியாளர்களை நம்பியே நடந்தன. அத்திட்டத்தின் குடும்பக் கட்டுப்பாட்டு முறைகள் பற்றித் திருச்சபையின் போதனை வேறு. அதை நம் ஞானோபதேச வகுப்பில் கற்றிருக்கிறோம். தாயும் சேயும் பிழைக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஒரு பெண்ணின் பதிவேட்டை நம்பி அரசாங்கம் திட்டம் தீட்டியது என்பதை மட்டும் இங்கே குறித்துக் கொள்ள விரும்புகிறேன்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பயிற்சிகள் பெரும்பாலும் பிள்ளை, பிரசவம், நோய், நூற்பு ஆகியவற்றைச் சுற்றியே இருந்தன. பெண்ணுக்கு ஏற்றவை என்று உலகம் முன்பே ஒதுக்கி வைத்த வேலைகள்தாம் இவை. இயந்திரம், தறி, சந்தை வியாபாரம் ஆகியவற்றில் ஆணுக்கு நிகராக அவளை நிறுத்தும் முயற்சி அந்த அளவுக்கு நடக்கவில்லை. பக்கத்துச் சின்னாளபட்டியிலேயே தார் சுற்றும் பெண்ணின் கணக்கு அப்படியேதான் இருந்தது. ஆனாலும் 1947-ல் ஊரார் பெண்ணை அனுப்பச் சம்மதித்த வேலை எதுவோ அதிலிருந்து தொடங்கியதற்காக அம்மையாரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பிற்காலத்தில் அந்த மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பு பல பத்தாண்டுகள் ஒரு பெண் மருத்துவரிடமே இருந்தது. சேவிகையோடு நிற்காமல் தலைமை வரைக்கும் அந்தப் பாதை போயிற்று என்பதற்கு இது சான்று.

அம்மையார் அரசியலுக்கும் சென்றார். 1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் தொகுதிகளிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கும், 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து பாராளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே 1962-ல் பத்மபூஷண் விருது பெற்றார். மத்திய அரசில் கல்வித் துறைத் துணையமைச்சராகவும் ஆனார். அவர் அப்பொறுப்பில் இருந்த நாட்களில்தான், கிராமத்துப் பெண் கல்விக்கு மக்கள் ஆதரவு ஏன் குறைவாக இருக்கிறது என்று ஆராய, எம். பக்தவத்சலம் தலைமையில் 1963-ல் ஒரு குழு பணியாற்றியது. கிராமப் பள்ளிகளில் ஆசிரியைகளை நியமியுங்கள், அவர்களுக்குக் குடியிருப்பு கட்டிக் கொடுங்கள் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஆசிரியை தங்க வீடு இல்லாத ஊரில் ஆசிரியை இருக்க மாட்டார். ஆசிரியை இல்லாத பள்ளிக்குப் பெண் பிள்ளை வர மாட்டாள். காந்திகிராமத்துக்கு முன்பே தெரிந்த கணக்கு டில்லிக்கும் எட்டியது.

வெளியுலகிலும் அக்காலத்தில் அசைவு தெரிந்தது. ஒரே மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1951-ல் உடன்படிக்கை கண்டது. இந்தியா 1958-ல் அதை ஏற்றது. 1961-ல் பேறுகாலப் பயன் சட்டமும், 1976-ல் சம ஊதியச் சட்டமும் வந்தன. சட்டம் வந்த மறுநாளே வயலில் கூலி சமமாகி விடவில்லை. நாற்று நடும் பெண்ணுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டும் ஆணுக்கு அதைவிடக் கூடுதல் கூலி என்பதை நம் ஊரார் சட்டப் புத்தகம் பார்த்தா தீர்மானிக்கிறார்கள்? கேட்டால், வேலை வேறு என்பார்கள். இடுப்பொடியக் குனிந்து நாள் முழுவதும் நடுவது எந்த விதத்தில் இலேசான வேலை என்பதை, ஒரு நாள் நட்டுப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

காந்திகிராமத்தில் 1956-ல் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. விதை விதைத்தவர்கள் கண்ணாலேயே மரத்தைப் பார்க்கும் பாக்கியம் அத்தம்பதியருக்கு வாய்த்தது. 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் சௌந்திரம் அம்மையார் மறைந்தார். வயது 80. அடுத்த ஆண்டில்தான் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டம் ஆயிற்று. தாம் பணி செய்த மண் தனி மாவட்டமானதை அவர் பார்க்கவில்லை. கணவர் இராமச்சந்திரன் 1995-ல் காலமானார். 2005-ல் இந்திய அஞ்சல் துறை அம்மையாரின் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

நம் மாணவியரின் வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். நிலக்கோட்டை, கொடைரோடு, சின்னாளபட்டி, செம்பட்டிப் பக்கத்துக் குடும்பங்களில் யாராவது ஒருவர், ஓர் அத்தையோ சித்தியோ, காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில்தான் பிறந்திருப்பார். அந்தப் பிரசவத்தைப் பார்த்த நர்ஸம்மாவின் பெயரைக் கூடச் சில பாட்டிமார்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.